ஊசி விளையாட்டும் உடைமுள்ளும்

டிஸ்கி: இது கும்மிப் பதிவு இல்ல. கொஞ்சம் கோவத்துல எழுதுனது, நீளமும் கூடிப்போச்சு. ஒரு டீயைப் போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

எங்க ஊரு ஆதிச்சநல்லூர். பொழப்புக்காக தூத்துக்குடியில கிடக்கேன், வாரக்கடைசியில ஊருக்கு ஓடிருவேன். போன மாசம் அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, தங்கச்சி வீட்டுத் திண்ணையில ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு.

விஷயம் இதுதான். தங்கச்சி மக, அதாவது என் மருமவ, யூகேஜி படிக்கா. அவளும் கூடப் படிக்கிற நாலஞ்சு வாண்டுகளும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற உடைமரத்தடியில டாக்டர் விளையாட்டு விளையாடியிருக்காங்க. டாக்டர்னா ஊசி வேணும்ல? ஒரு உடைமுள்ளை ஒடிச்சு ஊசியாக்கிட்டாங்க. நோயாளியா படுத்துக்கிடந்த பையன் கையில அது நல்லாவே ஏறிருச்சு. அவனைத் தூக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி, முள்ளை எடுத்து, மருந்து வச்சு, கடைசியில நிஜமாவே ஒரு ஊசியும் போட்டு அனுப்பியிருக்காங்க. பொய் ஊசிக்கு வைத்தியம் நிஜ ஊசி!

ஊசி போட்ட டாக்டர் வேற யாருமில்ல, என் மருமவதான். அதான் பஞ்சாயத்து எங்க வீட்டு வாசலுக்கு வந்துருச்சு.

பையனோட அம்மாவுக்குக் கோவம் எங்க வீட்டுப் பிள்ளை மேல கூட இல்ல. "எல்லாம் அந்த டீச்சரால வந்த வினை. அவ்வொதான் பிள்ளையளுக்கு டாக்டரு வெளையாட்டுன்னு பழக்கி விட்டுருக்காவ" அப்படின்னாங்க. பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு படி மேல போய், "பள்ளிக்கூடத்துக்குப் படிக்க அனுப்புதோமா, வெளையாட அனுப்புதோமா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் தலையாட்டுனாங்க. உண்மையைச் சொல்லணும்னா நானும் ஆட்டுனேன்.

எல்லாரும் போன பிறகுதான் தங்கச்சி கதையோட முதல் பாதியைச் சொன்னா.

பள்ளிக்கூடம் பேரெல்லாம் எதுக்கு, ஒரு சின்ன பள்ளிக்கூடம்னு வச்சுக்கோங்க. யூகேஜி டீச்சர் இந்த வருஷ ஆரம்பத்துல வகுப்பு மூலையில ஒரு ஆஸ்பத்திரி போட்டிருக்காங்க. என்ன பெரிய ஆஸ்பத்திரி? ஒரு பழைய பெஞ்சு. ரெண்டு துணிப் பொம்மை. கை வெட்டுன ஒரு பழைய வெள்ளைச் சட்டை. நூல்ல கட்டுன சோடா மூடி, அதான் ஸ்டெதஸ்கோப். காலி மருந்து டப்பா நாலு. டோக்கன் குடுக்க அட்டை வெட்டி 1 முதல் 10 வரை எழுதி வச்சிருக்காங்க. ஊசிக்கு? பேனாவுக்கு மை ஊத்துற இங்க் பில்லர்! முனை மழுங்கலா, ரப்பரை அமுக்கினா புஸ்ஸுன்னு காத்து மட்டும் வரும். எவ்ளோ யோசிச்சிருக்காங்க பாருங்க.

ரெண்டு மாசம் நல்லா ஓடியிருக்கு. அப்புறம் சில பெற்றோர் போய் "பாடம் நடத்தாம இது என்ன கூத்து"ன்னு கேட்டிருக்காங்க. ஒருத்தர் "இது அசிங்கமான விளையாட்டு"ன்னே சொல்லியிருக்கார். நிர்வாகத்துல இருந்து உடனே உத்தரவு: எல்லாத்தையும் எடுத்துருங்க. டீச்சர் மொத்தத்தையும் ஒரு அட்டைப் பெட்டியில போட்டு பீரோ மேல ஏத்தி வச்சுட்டாங்க.

பெட்டி பீரோ மேல போயி சரியா ரெண்டே வாரம். விளையாட்டு உடைமரத்தடிக்குப் போயிருச்சு.

இப்பச் சொல்லுங்க மக்கா. அந்தப் பையன் கையில முள்ளைக் குத்துனது யாரு? டாக்டர் விளையாட்டைச் சொல்லிக்குடுத்த டீச்சரா, இல்ல அதை வகுப்பை விட்டுத் துரத்துனவங்களா? வகுப்புக்குள்ள இருந்தவரை இங்க் பில்லர் இருந்துச்சு, பக்கத்துல டீச்சர் இருந்தாங்க, வரிசை இருந்துச்சு, விதி இருந்துச்சு. தடை போட்டதும் இதெல்லாம் போயிருச்சு. விளையாட்டு மட்டும் போகல. அது போகவும் போகாது. அஞ்சு வயசுப் பிள்ளை கண்ணால பார்த்ததை விளையாடித்தான் தீரும்.

நம்பலைன்னா எங்க ஊரையே பாருங்க. 1876-ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து எங்க பரம்பைத் தோண்டுனாரு. அப்புறம் அலெக்சாண்டர் ரீ. ரொம்ப காலம் கழிச்சு 2004-ல மத்திய தொல்லியல் துறை, 2020-ல மாநில தொல்லியல் துறை, 2021-ல மறுபடியும் மத்திய தொல்லியல் துறை. இப்ப தாழிகளை இருந்த இடத்துலயே கண்ணாடி வழியா பார்க்குற மாதிரி அருங்காட்சியகமே வச்சாச்சு. இதையெல்லாம் பார்த்து வளர்ற பிள்ளைக என்ன விளையாடும்? கயிறு கட்டி சதுரம் சதுரமா பிரிச்சு, உடைஞ்ச பானைச் சில்லை மண்ணுல புதைச்சு, பழைய பெயின்ட் பிரஷ் வச்சுத் தூத்துத் தூத்து எடுக்கும். ஒருத்தன் நோட்டுல எழுதுவான். யாரும் சொல்லிக் குடுக்கல. கடற்கரையில சங்கு குளிக்கப் போற அப்பனைப் பார்க்கிற பிள்ளை மூச்சைப் பிடிச்சு முங்கி எந்திரிக்கிற விளையாட்டு விளையாடும். உப்பளத்துப் பிள்ளை மணலைக் கூட்டி அம்பாரம் போடும்.

அப்போ ஆஸ்பத்திரி? அது எல்லாப் பிள்ளையும் பார்க்கிற இடமாச்சே. பிறந்த அன்னைக்கே ஊசி ஆரம்பிச்சிருது. 108 வண்டி 2008-ல தமிழ்நாட்டுக்கு வந்துச்சு, இப்போ வாண்டுக எல்லாம் வாயாலயே சைரன் போடுது. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்ச பிறகு, வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற அக்காக்களையும் பிள்ளைக பார்க்குது. என் மருமவ ஒரு மஞ்சப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, அவ ஆச்சி கையில துண்டைச் சுத்தி, "உப்பைக் குறைங்க ஆச்சி"ங்கா. இதுல எங்கய்யா இருக்கு தப்பு?

சரி, எதிர்த்தரப்புக்கு வருவோம். நான் அன்னைக்குத் திண்ணையில கேட்டது, அப்புறம் ஒரு வாரமா நண்பர்கள்கிட்ட கேட்டது, எல்லாம் சேர்த்தா மூணு கேள்வி தேறும்.

முதல் கேள்வி: "படிப்பு கெட்டுப்போகாதா?"

படிப்புன்னா என்னன்னு நினைக்கீங்க? அ, ஆவை நாலு வரி நோட்டுல நாப்பது தடவை எழுதுறதா? அந்த ஆஸ்பத்திரி மூலையில என்ன நடந்துச்சுன்னு டீச்சர்கிட்டயே போய்க் கேட்டேன். டோக்கன் குடுக்கிற பையன் எண்ணுவான். டோக்கன் 6-ஐயும் 9-ஐயும் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ஒருநாள் பெரிய சண்டை. அன்னையில இருந்து எண்ணுக்கு அடியில கோடு போடணும்னு பிள்ளைகளே கண்டுபிடிச்சிருக்காங்க. டாக்டர் "எத்தனை நாளா காய்ச்சல்? எங்க வலிக்கு? ராத்திரி சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்கணும். நோயாளி சொல்லணும். வாயைத் திறக்காத பிள்ளை கூட நோயாளியானா முனகவாச்சும் செய்யும், அப்புறம் மெள்ளமா பேச்சும் வந்துரும். மருந்துச் சீட்டுன்னு கிறுக்குவாங்க. அந்தக் கிறுக்கலை மருந்துக்கடைக்காரப் பிள்ளை "படிச்சு" மாத்திரை குடுக்கும். பேசுறதைக் கோட்டுல பிடிச்சு வைக்கலாம், அதை இன்னொருத்தர் படிக்கலாம்ங்கிற விஷயம் அங்கதான் பிள்ளைக்குப் பிடிபடுது. (பெரிய டாக்டர்கள் சீட்டும் அப்படித்தான இருக்குன்னு கடிக்காதீங்க. :-) )

ரஷ்ய உளவியல் அறிஞர் வைகோட்ஸ்கி 1933-லயே இதைப் பத்தி ஒரு சொற்பொழிவு ஆத்தியிருக்கார். விளையாட்டுன்னா இஷ்டத்துக்கு ஆடுறதுன்னுதான் நாம நினைக்கோம். அவர் சொன்னதோட சாரம், பாவனை விளையாட்டுக்குள்ள விதி இருக்குங்கறது. டாக்டர்னா டாக்டர் மாதிரிதான் நடக்கணும், நோயாளி எந்திரிச்சு ஓடக்கூடாது. பிள்ளை தன் ஆசையைத் தானே அடக்கிப் பழகுறது அங்கதான். வகுப்புல ரெண்டு நிமிஷம் சும்மா உட்காராத பையன், நோயாளியாப் படுத்தா பத்து நிமிஷம் அசையாமக் கிடப்பான். நம்ம பிரம்புக்கு அந்தச் சக்தி உண்டா?

இதெல்லாம் ரஷ்யாக்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரியணும்னும் இல்ல. எங்க ஊருல இருந்து ஆத்தைத் தாண்டுனா ஸ்ரீவைகுண்டம். குமரகுருபரர் பிறந்த ஊர். அஞ்சு வயசு வரை பேசாத பிள்ளை, திருச்செந்தூர்ல பேச்சு வந்துச்சுன்னு எங்க ஊர்ப்பக்கம் கதை சொல்வாங்க. அவர் பாடுன பிள்ளைத்தமிழ்ல எல்லாம் குழந்தைதான் பாட்டுடைத் தலைவர். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல சிற்றில்னு ஒரு பருவமே உண்டு. சின்னப் பிள்ளைக மணல்ல வீடு கட்டி விளையாடும், இவன் போய் அதை மிதிச்சு அழிப்பான், அழிக்காதேன்னு அதுக கெஞ்சும். ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில இதுக்குன்னே ஒரு பதிகம் பாடியிருக்காங்க. மணல் வீடு கட்டுறதும் சிறுசோறு சமைக்கிறதும் பாவனை விளையாட்டுதானே? அதைக் காவியத்துக்குச் சமமா உட்கார வச்ச பாஷை நம்ம பாஷை. நாம யூகேஜி வகுப்புல ஒரு பெஞ்சு இடம் குடுக்க யோசிக்கோம். சிற்றில் அழிக்கிற வேலையை இப்போ பள்ளிக்கூட நிர்வாகம் எடுத்துக்கிட்டாச்சு.

சட்டம் திட்டம்னு பேசுனாலும் பதில் இருக்கு. அங்கன்வாடித் திட்டம் 1975-ல வந்ததுல இருந்து முன்பருவக் கல்வி அதுல ஒரு பகுதி. 2022 அக்டோபர்ல வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டம், 3 முதல் 8 வயசு வரைக்கும் விளையாட்டு வழியாத்தான் கற்கணும்னு சொல்லுது. மத்திய அரசு கல்விக் கொள்கையோட நமக்கு ஆயிரம் சண்டை உண்டு, அது வேற பதிவு. நம்ம மாநிலத்துல 2022 ஜூன்ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் பாட்டு, கதை, பொம்மலாட்டம்னுதான் போகுது. ஆக ரெண்டு அரசாங்கமும் ஒத்துக்கிட்ட அபூர்வமான விஷயம் இது. ஒத்துக்காதது நம்ம வீட்டுத் திண்ணைதான்.

ரெண்டாவது கேள்வி: "நோயை வச்சு விளையாடலாமா? பயந்துக்காதா பிள்ளை? வாய்வாக்கு பலிச்சிரும்."

பிள்ளைக்குப் பயத்தை ஊட்டுறது யாருன்னு முதல்ல பேசுவோம். "சோறு திங்கலைன்னா டாக்டர்ட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்." இதைச் சொல்லாத வீடு ஒண்ணைக் காட்டுங்க. டாக்டரைப் பூச்சாண்டியா ஆக்கி வச்சிருக்கிறது நாமதான். அப்புறம் காய்ச்சல் வந்தா அதே பூச்சாண்டிகிட்ட தூக்கிட்டுப் போய், "ஊசியே போட மாட்டாங்கடா கண்ணு"ன்னு கூசாம பொய் சொல்லி, நாலு பேர் கையைக் காலைப் பிடிச்சு அமுக்கி ஊசி போடுறோம். அன்னைக்குப் பிள்ளை டாக்டரை மட்டுமா நம்பாமப் போகுது? நம்மளையும்தான்.

என் மருமவளுக்குப் போன வருஷம் பெரிய காய்ச்சல். மூணு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. கையில ஊசி ஏத்தி டிரிப்ஸ். வீட்டுக்கு வந்த மறுநாள்ல இருந்து கண்ணுல பட்டது எல்லாத்துக்கும் ஊசி போட ஆரம்பிச்சா. பொம்மைக்கு, தலையணைக்கு, பூனைக்கு, எனக்கு. எப்பவும் அவதான் டாக்டர். நோயாளியாப் படுன்னு சொன்னா மாட்டா. "அழக்கூடாது, பிடிச்சுக்கோங்க, பிடிச்சுக்கோங்க"ன்னு ஆஸ்பத்திரியில கேட்ட அதே குரல்ல அதட்டுவா. கேட்கவே சங்கடமா இருக்கும். தங்கச்சி கூட "வேண்டாம்ட்டி, நிறுத்து"ன்னு சொல்லிப் பார்த்தா. மூணு வாரம் இருக்கும். ஒருநாள் அவளே பாய்ல படுத்துக்கிட்டு, "மாமா, இப்ப நீங்க போடுங்க. சொல்லிட்டுப் போடணும். மெதுவா போடணும்"னா.

அந்த மூணு வாரத்துல அவ என்ன செஞ்சான்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. நாலு பேர் பிடிச்சு அமுக்குன இடத்துல கிடந்தவ, அதை நூறு தடவை திருப்பி நடத்தி, கொஞ்சங்கொஞ்சமா மாத்தி, தனக்கு எப்படி நடந்திருக்கணும்னு அவளே ஒரு முடிவுக்கு வந்துட்டா. சொல்லிட்டுப் போடணும். மெதுவா போடணும். இதைவிட நல்லா எந்தப் பெரியவனாலயும் சொல்ல முடியாது. அஞ்சு வயசுல போடுற முத்தடுப்பு ஊசிக்கு அப்புறம் கூட்டிட்டுப் போனப்போ அழத்தான் செஞ்சா. ஆனா கையை அவளே நீட்டுனா.

மேல்நாட்டுல இதையே ஒரு வேலையாச் செய்யுதாங்க. டெடி கரடி ஆஸ்பத்திரின்னு பேரு. ஜெர்மனி, இங்கிலாந்து மாதிரி நாடுகள்ல மருத்துவ மாணவர்கள் நடத்துறது. பிள்ளை தன்னோட பொம்மையைக் கூட்டிட்டு வரும், பொம்மைதான் நோயாளி, பிள்ளைதான் அதுக்கு அப்பா அம்மா. டாக்டருக்குப் படிக்கிற அண்ணன் அக்கா பொம்மைக்கு என்ன உடம்புக்குன்னு விசாரிச்சு, கட்டுப் போட்டு, சீட்டு எழுதிக் குடுப்பாங்க. டாக்டர்னா பயம் விடணும்ங்கறதுதான் நோக்கம். பாளையங்கோட்டையிலயும் தூத்துக்குடியிலயும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. நம்ம பிள்ளைகளும் ஒருநாள் மரப்பாச்சியைத் தூக்கிட்டுப் போனா ஆகாதா?

பயத்தோட விலை தெரியணும்னா 2017 பிப்ரவரியை ஞாபகப்படுத்திக்கோங்க. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியை 9 மாசம் முதல் 15 வயசு வரை எல்லாருக்கும் போடுறதுன்னு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடத்துலயே முகாம் நடந்துச்சு. வாட்ஸப்புல வதந்தி பறந்துச்சு. ஊசி போடுற அன்னைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாத வீடுகள் எத்தனை! முகாமை நீட்டிக்க வேண்டி வந்துச்சு. வதந்தியைக் கிளப்புனது பெரியவங்க, நம்புனதும் பெரியவங்கதான். ஆனா ஊசின்னா என்ன, எதுக்குப் போடுறாங்கன்னு சின்ன வயசுல இருந்தே சாதாரணமா விளையாடிப் பேசி வளர்ந்த தலைமுறை அவ்ளோ லேசுல மிரளுமான்னு யோசிச்சுப் பாருங்க.

நோய் விளையாட்டு விளையாடுனா நோய் வருமாம். அப்படின்னா கல்யாண விளையாட்டு விளையாடுன எங்க செட்டுல பாதிப் பேருக்கு நாப்பது வயசாகியும் வரன் அமையலையே, அது எந்தக் கணக்கு?

மூணாவது கேள்வி. இதைத்தான் எல்லாரும் தாழ்ந்த குரல்ல கேட்கிறாங்க: "டாக்டர் விளையாட்டுன்னா... தொட்டுத் தொட்டு... அசிங்கமாயிராதா?"

இந்தக் கேள்வியை நான் கிண்டல் பண்ணப் போறதில்ல. பெத்தவங்களுக்கு அந்தப் பயம் வரணும். பேப்பரைத் திறந்தா வர்ற சேதி அப்படி. 2012-ல போக்சோ சட்டம் வந்ததே அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறதால. ஆனா பயத்துக்கு மருந்து என்ன? பூட்டி வைக்கிறதா?

அந்த டீச்சர் போட்டிருந்த விதிகளைக் கேளுங்க. ஒண்ணு, சட்டைக்கு மேலதான் ஸ்டெதஸ்கோப் வைக்கணும், யாரும் துணியை விலக்கக்கூடாது. ரெண்டு, தொடுறதுக்கு முன்னால "தொடலாமா?"ன்னு கேட்கணும், வேண்டாம்னு சொன்னா விட்டுரணும். மூணு, நோயாளி கூட ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்கணும், தனியா வரக்கூடாது. நாலு, ஊசி, மருந்து, கட்டு எல்லாம் பொம்மைக்குத்தான். யார் வாயிலயும் எதையும் போடக்கூடாது.

இந்த நாலையும் ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை தினமும் விளையாடிப் பழகுனா என்ன ஆகும்? நம்மைத் தொடணும்னா கேட்டுத்தான் தொடணும், டாக்டரா இருந்தாலும் அம்மா பக்கத்துல இருக்கணும், வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை உண்டுன்னு அதுக்குப் புத்தியில ஏறும். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்னு வருஷத்துக்கு ஒரு நாள் யாரோ வந்து அரை மணி நேரம் பேசி, 1098-ஐ போர்டுல எழுதிட்டுப் போறதை விட இது நூறு மடங்கு பலன் தரும். அசிங்கம்னு சொல்லி நீங்க பீரோ மேல ஏத்துன அட்டைப் பெட்டிக்குள்ளதான் அந்தப் பாடமும் இருக்கு. உடைமரத்தடியில "தொடலாமா?"ன்னு யாரும் கேட்கல, பார்த்தீங்களா?

இன்னொரு கூத்தையும் சொல்லணும். டாக்டர் விளையாட்டு வேண்டாம்னு சொல்ற இதே கூட்டம், ஆண்டு விழா மாறுவேடப் போட்டிக்கு என்ன செய்யும்? கடையில வெள்ளைக் கோட்டு வாங்கி மாட்டி, பிளாஸ்டிக் ஸ்டெத்தைக் கழுத்துல தொங்கவிட்டு, "ஐ யாம் எ டாக்டர், ஐ சேவ் லைவ்ஸ்"னு ஒரு வாரம் மனப்பாடம் பண்ண வச்சு மேடை ஏத்தும். பிள்ளை பாதியில மறந்து திருதிருன்னு முழிக்கும். கீழ இருந்து அம்மா வாயசைச்சுக் குடுக்கும். கைத்தட்டல், போட்டோ, பரிசு. அதுல பிள்ளையோட பங்கு என்ன? வசனம் அம்மாவோடது, கோட்டு கடைக்காரனோடது. நோயாளியே இல்லாத டாக்டர்!

வளர்ந்த பிறகு நடக்கிறது அதைவிடக் கொடுமை. 2017-ல இருந்து தமிழ்நாட்டுலயும் நீட் வந்துருச்சு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடுக்கு 2020-ல சட்டம் போட வேண்டி வந்துச்சு. வீட்டுக்கு வீடு டாக்டர் கனவு. ஆறாங்கிளாஸ்லயே பவுண்டேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டத் தயார். ஆனா அஞ்சு வயசுல அந்தப் பிள்ளை தானா டாக்டரா இருக்கிறது மட்டும் ஆகாது! டாக்டர் ஆகுறதுக்கு மார்க்கு வேணும், சரி. அடுத்தவன் முனகுறதைக் காது குடுத்துக் கேட்கிற குணமும் வேணும்ல? அதுக்கு எந்தக் கோச்சிங் சென்டர்ல பணம் கட்டப் போறீங்க?

எல்லாப் பிள்ளையும் டாக்டர் ஆகணும்னு நான் சொல்ல வரல. சொல்லப்போனா அந்த மூலையில டாக்டரை விட மத்த வேஷம்தான் முக்கியம். டோக்கன் குடுக்கிறவன், மருந்து எடுத்துக் குடுக்கிறவ, தரையைத் துடைக்கிறவன், 108 ஓட்டுறவ, பொறுமையா காத்துக் கிடக்கிற நோயாளி. அதோட பையன்தான் டாக்டர், பொண்ணுதான் நர்ஸுன்னு பிள்ளைக பிரிச்சுக்கிட்டா டீச்சர் மெள்ளமா மாத்தி விடணும். புதுக்கோட்டையில இருந்து முத்துலட்சுமி ரெட்டி 1907-ல சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல டாக்டரா வெளிய வந்தாங்க, 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்குனாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் யூகேஜி பிள்ளை "நீ பொண்ணு, நீ நர்ஸு"ங்குதுன்னா, அது நம்மகிட்ட இருந்து கேட்டதுதான்.

எதிர்த்தரப்புல பெரிய ஆள் ஒருத்தர் இருக்கார்ங்கிறதையும் மறைக்கக் கூடாது. 1939-ல சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்த மாண்டிசோரி அம்மையார் பொய்ப் பாவனைக்கு அவ்வளவா இடம் குடுக்கல. பொம்மைச் சமையலை விட நிஜமாவே காய் நறுக்குறதைத்தான் பிள்ளை விரும்பும்ங்கிறது அவங்க அனுபவம். பாதி சரிதான். காய் நறுக்கலாம், ஆனா நிஜ ஊசியைப் பிள்ளை கையில குடுக்க முடியுமா? முடியாத இடத்துலதான் பாவனை வேணும். அவங்க வழியைப் பிடிச்சு 1920-ல பாவ்நகர்ல பாலர் பள்ளி ஆரம்பிச்ச கிஜுபாய் பதேக்கா கூட கதையையும் நாடகத்தையும் விடல. அவரோட புத்தகம் தமிழ்ல 'பகல் கனவு'ன்னு கிடைக்குது. வாத்தியார்கள் கட்டாயம் வாங்கிப் படிங்க.

சரி, கதைக்கு வர்றேன். நானும் மச்சானும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். முள்ளு குத்துன பையனோட அப்பாவும் கூட வந்தார், அதுதான் எனக்கே ஆச்சரியம். "அண்ணாச்சி, அவன் வீட்டுல தங்கச்சிக்குக் கட்டுப் போட்டு விளையாடிக்கிட்டுத்தான் இருக்கான். நான் எதைன்னு தடுக்க?"ன்னார். நிர்வாகத்துல பொறுமையாத்தான் கேட்டாங்க. "பார்ப்போம், மத்த பேரன்ட்ஸ் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுச் சொல்றோம்"னு அனுப்பிட்டாங்க. உடைமரத்தை மட்டும் மறுநாளே வெட்டிட்டாங்க!

இதை எழுதுற இன்னைக்கு வரைக்கும் பெட்டி பீரோ மேலதான் இருக்கு. பெற்றோர் கூட்டம் அடுத்த மாசம். அங்க எழுந்து பேசப் போறேன். அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதிப் பார்த்துக்கிட்டேன். உங்க வீட்டு வாண்டுக என்ன விளையாடுதுன்னு இன்னைக்கு ஒரு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்க. ஊசி போட வந்தா கையை நீட்டுங்க. வாத்தியாரா இருக்கிற பதிவர்கள், உங்க வகுப்புல இதைச் செஞ்சிருந்தா, என்ன நடந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கூட்டத்துல எடுத்துச் சொல்ல உதவும். எதிர்க்கிறவங்களும் வாங்க, சண்டை போடுவோம். அனானி அண்ணன்மாரே, என்னைத் திட்டிக்கோங்க, அந்த டீச்சரை விட்டுருங்க.

பி.கு: பையன் கைப்புண் ஆறிருச்சு. என் மருமவ தினமும் வகுப்புக்குப் போனதும் அதைப் பார்த்துட்டுத்தான் உட்காருவாளாம். "தொடலாமா?"ன்னு கேட்டுட்டு.